அடிச்சத்தம்

எனக்கு முன்கோபம் உண்டு என்பது பாளையங்கோட்டை கோர்ட்டு வளாகத்தில் டீக்கடைக்காரர் வரைக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகக் கிரிமினல் வழக்கு நடத்துகிறேன். கோபம் வந்தால் என் வாயிலிருந்து சட்டம் வராது, ஊர்ப்பேச்சுதான் வரும். காணொளி விசாரணை ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல் ஒருமுறை ஒருவரைத் திட்டி, அது திரை வழியாகச் சிறைக்குள் வரை போய், அங்கே நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். ஆனால் நான் சொல்லப்போகும் வழக்கில் கோபப்பட்டது குறைவு. பொறுமையாக, பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வேலை செய்தேன். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

என் கட்சிக்காரர் பம்பு செட்டு மோட்டார் பழுது பார்ப்பவர். விக்கிரமசிங்கபுரத்துக்குக் கிழக்கே, ஆற்றுக்கால் பாயும் ஒரு சின்ன ஊர். இறந்தவர் அதே ஊரில் வாழை போட்டிருந்தவர். இருவருக்கும் வாய்க்கால் மடை திறப்பதில் பழைய தகராறு. தகராறு ஒரு பக்கம் இருந்தாலும் மோட்டார் எரிந்துபோனால் இவரிடம்தான் கொடுத்தாக வேண்டும், சுற்றுவட்டாரத்தில் வேறு ஆள் கிடையாது. அப்படி ஒரு மோட்டாரைக் கொடுத்த மறுநாள், சித்திரை மாதச் செவ்வாய்க்கிழமை மதியம், தன் வாழைத்தோட்டத்துக்குள்ளேயே மண்டையில் அடிபட்டு அந்த மனிதர் செத்துக் கிடந்தார்.

அன்று ஊரில் சுடலைமாடன் கோயில் கொடை. வருஷத்துக்கு ஒரு தடவை வரும் திருவிழா. உச்சிவேளைப் பூசை நடந்துகொண்டிருந்ததால் ஊர் மொத்தமும் கோயில் முன்னால் நின்றது. வயல்காட்டில் ஈ காக்கை இல்லை. ஆகவே பார்த்த சாட்சி என்று ஒருவரும் இல்லை.

என் கட்சிக்காரர் சொன்னது இதுதான். எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே பஸ் ஏறி திருநெல்வேலி டவுனுக்கு வந்துவிட்டார். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் ஒரு பட்டறையில் மாலை வரை உட்கார்ந்திருந்தார். கொடைக்குக்கூட இல்லை. பட்டறைக்காரரும் போலீஸிடம் அப்படியே சொல்லியிருந்தார். செல்போன் அன்று எந்த டவரில் இருந்தது என்று கேட்டு விசாரணை அதிகாரி அனுப்பிய கடிதத்தில் ஓர் எண் மாறிப்போயிருந்தது. மறுபடி சரியான எண்ணை அனுப்புவதற்குள் அந்த விவரத்தை வைத்திருக்கும் கெடு முடிந்துவிட்டது. அதைப் படித்த அன்று நான் டீக்கடையில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், ஆனால் வாங்கிக் கொடுத்தது உண்மை.

அரசுத் தரப்பின் கையில் உருப்படியாக இருந்தது ஒன்றே ஒன்று. சம்பவத்தன்று மதியம் பன்னிரண்டரைக்குக் கொஞ்சம் பின்னால், என் கட்சிக்காரர் தன் மனைவியின் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்தி. பதினேழு விநாடி. அதில் அவர் சொன்னது:

"மச்சான், நான் கொடைக்கு வர நேரமாவும். நீ சாப்பிட்டுரு. இன்னைக்கு அவன் சோலிய முடிச்சிட்டுதான் வருவேன்."

எங்கள் பக்கத்தில் சோலி என்றால் வேலை. 'சோலி கெடக்கு', 'ஒரு சோலியா வந்தேன்', 'உன் சோலியப் பாத்துட்டுப் போ' என்று நாள் முழுக்கச் சொல்லுவோம். அதே சொல் அடியாள் வாயிலிருந்து வந்தால் கொலை. எங்கள் ஊரிலேயே ஆத்திரத்தில் சொன்னால் அதற்கும் அதுதான் அர்த்தம். எல்லாம் சொல்லும் தொனியில் இருக்கிறது. குரலை எழுத்தாக்கிய புண்ணியவான் எந்த ஊர்க்காரரோ தெரியாது, 'இன்று அவனைத் தீர்த்துக்கட்டிவிட்டுத்தான் வருவேன்' என்று அழகான தமிழில் எழுதி வைத்துவிட்டார். வழக்குக் கட்டில் அந்தத் தாள் இருந்தது. குற்றப்பத்திரிகை அந்தத் தாளை வைத்துத்தான் எழுதப்பட்டது. குரலைப் பரிசோதித்த நிபுணரும் அது இவருடைய குரலா இல்லையா என்று மட்டும் பார்த்துச் சொன்னாரே தவிர, வேறு எதையும் அவரிடம் யாரும் கேட்கவில்லை.

நீதிபதி கொங்குப் பக்கத்துக்காரர், மாற்றலாகி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்பார். அவர் அந்தத் தாளைப் படித்தால் என் கட்சிக்காரருக்கு ஆயுள் தண்டனை. குரலைக் கேட்டால் விடுதலைக்கு வழி உண்டு. நான் அதை என் போனில் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அலுத்துப்போன ஆள், வேலை நடுவில் மச்சானுக்குச் சொல்லும் சேதி. கோபம் துளிகூடக் கிடையாது. பட்டறையில் லேத்துச் சத்தம் கேட்கவில்லையே என்று அரசு வக்கீல் கேட்டால் அதற்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரம், லேத்து நின்றிருக்கும். அந்தச் செய்தி எவ்வளவு அமைதியாக இருக்கிறதோ எனக்கு அவ்வளவு நல்லது.

சிக்கல் கோர்ட்டு ஒலிபெருக்கியில் இருந்தது. காணொளித் திரைக்கு இரண்டு பக்கமும் சோப்புப்பெட்டி அளவில் இரண்டு இருக்கும். அதன் வழியாக யார் பேசினாலும் சண்டைக்கு வருவது போல இருக்கும். ஒருமுறை ஒரு டாக்டரம்மா காணொளியில் சாட்சி சொன்னபோது, "நான் பதில்தான் சொல்றேன், சத்தம் போடல" என்று அவரே இரண்டு தடவை விளக்க வேண்டி வந்தது. அந்தப் பெட்டியில் என் ஆளின் சோலியைப் போட்டால் தீர்த்துக்கட்டுவதாகத்தான் கேட்கும். ஆகவே குரலை முழுதாகத் திறந்த நீதிமன்றத்தில் போட்டுக் காட்ட வேண்டும், அதற்கு என் பொறுப்பில் நல்ல ஒலிபெருக்கி கொண்டுவர அனுமதி வேண்டும் என்று மனுப் போட்டேன். அனுமதி கிடைத்தது.

அரசு வக்கீல் உள்ளூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எதற்கும் அவசரப்படாதவர். வராந்தாவில் என்னை நிறுத்திக் கேட்டார்.

"என்னம்மா, தாள்ல இருக்கது போதாதா? சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி."

"எனக்கு நல்லா ஊத வரும் அண்ணாச்சி. நீங்க காதப் பொத்திக்கிடுங்க."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சிறைக்குப் போய்க் கட்சிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் வார்னிஷ் கறை ஏறிய தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முழுசா போடணுமா வக்கீலம்மா?"

"பின்ன? பாதியா போடுவாவ?"

"இல்ல, அந்தச் சோலிங்கிற எடம் மட்டும் போட்டா போதும்லா."

"வெட்டிப் போட்டா செல்லாது தம்பி. அதுக்கு விரல்ரேக மாதிரி ஒரு நீள நம்பர் இருக்கு. ஒரு விநாடிய உருவுனாலும் நம்பர் மாறிரும். அப்புறம் நாமதான் திருடன்னு ஆயிரும்."

தலையை ஆட்டினார். நான் எழுந்து கிளம்பும்போது மறுபடி கேட்டார்.

"ரொம்பச் சத்தமாவா வைப்பீய?"

அப்போது எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்காகத்தானே இந்தப் பாடு படுகிறேன், ஜட்ஜய்யாவுக்குக் கேட்க வேண்டாமா என்று எரிந்து விழுந்தேன். அவர் "சரிம்மா, உங்களுக்குத் தெரியாததா" என்றார். தன் குரலைப் பிறர் முன்னால் கேட்க யாருக்குமே கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கே என் குரல் பிடிக்காது. அவருக்கும் அந்தக் கூச்சம்தான் என்று நினைத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன். ஏன் அப்படிக் கேட்டார் என்று நான் அன்றைக்கே நின்று கேட்டிருக்க வேண்டும்.

மைக் செட்டு போடும் ஓர் அண்ணாச்சியைப் பிடித்தேன். கல்யாணம், கோயில், கட்சிக் கூட்டம் எல்லாம் அவர்தான். விசாரணைக்கு முந்தின சனிக்கிழமை, கோர்ட்டு ஹால் காலியாக இருந்தபோது, பெஞ்ச் கிளார்க்கை வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தோம். நீதிபதி மேடைக்குக் கீழே இருந்த பிளக் பாயிண்டு தளர்ந்திருந்தது, நீள வயர் இழுத்தோம். லேப்டாப்பிலிருந்து ஒலிபெருக்கிக்கு ஒரு வயர், அது கைவிட்டால் இன்னொன்று. கரண்டு போனால் யு.பி.எஸ். காணொளித் திரையின் சத்தமும் அதே பெட்டி வழியாக வரும்படி அண்ணாச்சி இணைத்தார்.

"குரலு மட்டும் போதுமா, பேஸ் பெட்டியும் வைக்கவா?" என்று கேட்டார்.

"அது எதுக்கு? பாட்டா போடப் போறோம்?"

"பேஸ் இல்லன்னா குரலு தகரத்துல தட்டுன மாதிரி இருக்கும்மா. அடிச்சத்தம் வந்தாத்தான் மனுசன் பேசுத மாதிரி இருக்கும்."

"ஆளு எதிர நின்னு பேசுத மாதிரி இருக்கணும் அண்ணாச்சி. அதுக்கு என்ன வேணுமோ வைங்க."

கறுப்புத் துணி போர்த்திய பெரிய பெட்டி ஒன்றை இறக்கினார். அதைச் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் வைத்தோம்.

ஒத்திகைக்கு அந்தச் செய்தியைப் போடவில்லை. வழக்கு ஆவணத்தை விசாரணைக்கு முன்னால் வெளியே போட்டுக் காட்டுவது முறையில்லை என்ற நேர்மை பாதி. எதிர்த்தரப்பு ஆள் யாராவது எட்டிப் பார்த்தால் என்ற கள்ளப்புத்தி மீதி. என் குரலிலேயே நாலு வரி பதிவு செய்து போட்டுக் கேட்டேன். 'ஒரு சோலியா வந்தேன்' என்று நான் சொன்னது ஹாலின் கடைசி பெஞ்சு வரைக்கும் மெதுவாக, தெளிவாகப் போய் விழுந்தது. அண்ணாச்சி பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். டைரியில் எழுதினேன்: பெட்டி சரி. வயர் சரி. ஜன்னல் சாத்த வேண்டும். ஃபேன் சத்தம் இடைஞ்சல், போடும்போது நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். கடைசி வரிக்கு இரண்டு கோடு போட்டிருந்தேன்.

காதில் எதையாவது செருகினால் எனக்குத் தலை சுற்றும், ஆகவே ஹெட்போன் வைத்துக்கொள்வதில்லை. போனில் கேட்டேன், லேப்டாப்பில் கேட்டேன். அரசு வக்கீல் தாளில் படித்ததோடு சரி. அந்தப் பதினேழு விநாடியைக் கோர்ட்டில் யாருமே முழுதாகக் கேட்டதில்லை என்பது அன்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது. அதைப் பேசியவரைத் தவிர.

விசாரணை நாள் பங்குனி வெயில். கடைசி பெஞ்சின் ஒரு முனையில் கட்சிக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தார். பீடி சுற்றிச் சுற்றி நகமெல்லாம் தேய்ந்த பெண். மறுமுனையில் இறந்தவரின் மனைவி. இருவரும் ஒரே ஊர், ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் போவார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். அன்றும் அந்தப் பெஞ்சின் நடுவில் நாலு பேர் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது. எனக்கு அதைப் பார்க்க என்னவோ போல இருந்தது.

சிறை இருப்பது நடந்தே வந்துவிடுகிற தூரம்தான். ஆனாலும் அன்று காவலுக்கு ஆள் இல்லாததால் கட்சிக்காரர் திரையில்தான் வந்தார். நீல நிறச் சுவருக்கு முன்னால் அவர் முகம், நெற்றியில் திருநீறு. திரைக்கும் இங்குக்கும் ஒரு விநாடி, சில சமயம் இரண்டு விநாடி தாமதம் இருக்கும். வணக்கம் சொன்னால் நாம் கையை இறக்கிய பிறகு அவர் கும்பிடுவார்.

கூண்டில் மச்சான். செய்தி அவருக்குத்தான் வந்தது, அதனால் அரசுத் தரப்புச் சாட்சியாகிவிட்டார். நான் குறுக்கு விசாரணைக்கு எழுந்து, நீதிபதி அனுமதியோடு செய்தியைப் போடச் சொன்னேன். செய்தி ஒலித்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் நான் நினைத்தது நடந்தது. அலுத்துப்போன ஒரு மனிதக் குரல், சண்டை இல்லாத குரல்.

"சோலின்னா என்ன?" என்று மச்சானிடம் கேட்டேன்.

"வேலதான் வக்கீலம்மா. மோட்டாரு வேல."

"கொல்லுததா?"

"அய்யய்யோ. இல்ல."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "இந்த ஊர் வழக்குங்களா இது?" என்று என்னைக் கேட்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "ஐயா, நான் இந்த ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். இங்கே புழங்கும் சொற்களுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். நீதிமன்றத்துக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னைக் கேட்கலாம்" என்றேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த நுணல் என் அளவுக்கு நல்ல தமிழ் பேசியிருக்காது.

"தொனியைத்தான் நான் கேட்கணும். கடைசி வரி சரியா விழலைங்க. இன்னொரு தடவை போடுங்க."

"ஃபேனை மட்டும் நிறுத்த உத்தரவிட வேண்டும் ஐயா" என்றேன். இரண்டு கோடு போட்ட வரி.

நீதிபதியின் டவாலி ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தார். ஜன்னல்கள் ஏற்கெனவே சாத்தியிருந்தன. ஃபேன்கள் சுற்றிச் சுற்றி நின்றன. மைக் செட்டு அண்ணாச்சி பின்னாலிருந்து, ஏத்தட்டுமா என்று கண்ணால் கேட்டார். நான் விரலை உயர்த்திக் காட்டினேன்.

முதலில் அது என் மேசையில் வந்தது. காதில் விழுவதற்கு முன்னால், மேசை மேல் வைத்திருந்த உள்ளங்கையில். பெட்டியில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அப்புறம் கேட்டது. 'மச்சான், நான் கொடைக்கு வர நேரமாவும்.' அதன் அடியில், தூரத்தில், டும். டும் டும். டும். 'நீ சாப்பிட்டுரு.' டும். டும் டும். 'இன்னைக்கு அவன் சோலிய முடிச்சிட்டுதான் வருவேன்.' டும்.

போனின் சின்னப் பெட்டிக்கு வராத சத்தம். தோட்டத்தையும் வயலையும் தாண்டி வரும்போது அந்த அடிச்சத்தம் மட்டும்தான் மிஞ்சும். நான் சின்ன வயசில் எத்தனை சித்திரையில் அதைக் கேட்டுக்கொண்டே மதியத் தூக்கம் தூங்கியிருக்கிறேன். எனக்கு அது என்னவென்று மூன்றாவது டும்மிலேயே தெரிந்துவிட்டது. கூண்டில் நின்ற மச்சானுக்கும் தெரிந்துவிட்டது. அன்று அந்த நேரம் அவர் அந்தச் சத்தத்துக்கு நேர் முன்னால் நின்றவர். குனிந்து தன் கால்விரலைப் பார்த்தார்.

கடைசி பெஞ்சில் இறந்தவரின் மனைவி எழுந்து நின்றார். அவர் சத்தம் போடவில்லை. யாரிடமோ வழி சொல்வது போலத்தான் சொன்னார்.

"அய்யா, அது எங்க ஊரு மகுடம்."

டவாலி உஸ் என்றார். நீதிபதி கையமர்த்தினார்.

"அங்கன கொடையில அடிச்ச மகுடம்யா. எங்க வீட்டுக்காரரு கெடந்த எடத்துக்கு அப்படித்தான் கேக்கும். அவுகளத் தேடிப் போவும்போது நான் அதக் கேட்டுக்கிட்டேதான் போனேன்."

"அந்தம்மா என்னங்க சொல்றாங்க? மகுடமா?" நீதிபதி மைக்கை விட்டுச் சாய்ந்து தன் தலையைத் தொட்டுக் காட்டினார். "கிரீடம்ங்களா?"

ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. அரசு வக்கீல் பைய எழுந்தார். மூடி வைத்திருந்த வழக்குக் கட்டை அவர் இன்னும் திறக்கக்கூட இல்லை.

"ஐயா, அது இந்த ஊர்ச் சொல். அர்த்தத்தை எதிர்த்தரப்பு வக்கீலே சொல்லலாம். சந்தேகம் வந்தால் கேட்கச் சொல்லியிருக்கிறார்."

நீதிபதி என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கம்மா. மகுடம்னா என்ன?"

நான் திரையைப் பார்த்தேன். இங்கே எல்லோருக்கும் கேட்டு முடிந்துவிட்டது. கடைசி பெஞ்சுப் பேச்சு மைக்குக்கு எட்டவில்லை, நீதிபதி இப்போது மைக்கில் சொன்ன மகுடம் அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை. தன் குரல் நன்றாக இருந்ததா, ஜட்ஜய்யாவுக்குப் பிடித்ததா என்று பார்ப்பது போல, கொஞ்சம் நம்பிக்கையோடு முகத்தை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த முகம் மாறியது. வாய் லேசாகத் திறந்து, கண் கீழே இறங்கியது. அந்த ஒரு விநாடி எனக்கு மட்டும் கிடைத்தது. கிடைக்காமல் இருந்திருக்கலாம்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது என் வேலைக்குள் வராது என்று சட்டப் பிரிவு ஏதாவது காட்டியிருக்கலாம். சித்திரை மாதம் கொடை நடக்காத ஊர் இந்த ஆற்றங்கரையில் ஏது, டவுனுக்குப் பக்கத்திலும் அன்று எங்கேயாவது நடந்திருக்கும் என்று வாதாடியிருக்கலாம். பிறகு அதைத்தான் எழுத்திலும் வாதாடினேன். ஆனால் அந்த இடத்தில், கடைசி பெஞ்சில் அந்தப் பெண் இன்னும் உட்காராமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, இந்த ஆற்றுத் தண்ணீர் குடித்தவள் என்று ஐந்து நிமிஷம் முன்னால் பீற்றிக்கொண்ட வாயால் தெரியாது என்று சொல்ல எனக்கு வரவில்லை.

"கொடையில் கணியான் கூத்துக்கு அடிக்கும் மேளம் ஐயா. தோல் வாத்தியம். தூரத்தில் இப்படித்தான் கேட்கும்."

தட்டச்சர் அதை அடித்தார். என் வாக்கியம், என் பெயருக்கு நேராக, இன்றைக்கும் அந்த வழக்குக் கட்டில் இருக்கிறது.

அதற்கப்புறம் நடந்தது வழக்கமான கதை. மகுடம் அடித்தவரைச் சாட்சியாக அழைத்தார்கள். பட்டறைக்காரரை மறுபடி கூப்பிட்டார்கள். மோட்டாரைக் காலையில் இறக்கிவிட்டுப் போனவர் பொழுது சாயத்தான் வந்தார், தெரிந்த ஆளாச்சே என்று அப்படிச் சொன்னேன் என்று அவர் அழுதார். ஆயுள் தண்டனை. மேல்முறையீடு மதுரையில் இருக்கிறது, வேறு வக்கீல். மகுடம் கேட்கும் இடத்தில் ஒருவன் இருந்தான் என்றால் அவன் அடித்தான் என்று அர்த்தமில்லை. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் அடித்தாரா என்று அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

தீர்ப்பு நாளைவிட அந்தப் பங்குனி மதியம்தான் எனக்கு அடிக்கடி வருகிறது. நீதிபதி எழுந்து உள்ளே போய்விட்டார். ஃபேனை யாரும் திரும்பப் போடவில்லை. இறந்தவரின் மனைவி முதலில் வெளியே போனார். கட்சிக்காரரின் மனைவி அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார், பிறகு அவரும் போனார். அடுத்த பஸ்ஸுக்கு இருவரும் ஒரே நிறுத்தத்தில்தான் நிற்க வேண்டும்.

அண்ணாச்சி வயர்களைச் சுருட்ட ஆரம்பித்தார். திரையை அணைக்க மறந்துவிட்டார்கள். அந்த நீலச் சுவருக்கு முன்னால் அவர் இன்னும் உட்கார்ந்திருந்தார். நான் கட்டுகளை அடுக்கிக்கொண்டே அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். அப்போது அந்தப் பெரிய பெட்டியிலிருந்து, தகரச் சத்தம் துளியும் இல்லாமல், எதிரே நின்று பேசுவது போல, கோபமே இல்லாத அந்தக் குரல் வந்தது.

"நான் அப்பவே கேட்டேன்லா வக்கீலம்மா. முழுசா போடணுமான்னு."